முகம் தெரியாதவருக்கு ஒரு மண்டபம்

(நோணாங்குப்பத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேசிய நடை கூடியவரை அப்படியே வைக்கப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஊமைப்பட நட்சத்திரத்துக்குச் சொந்த ஊரில் நினைவுச்சின்னம்'. அழைப்பிதழ் வந்ததும் என் பேத்தி படித்துவிட்டு, "தாத்தா, சிலைக்கும் வாய் பேசாது, ஊமைப்படத்துக்கும் வாய் பேசாது, நீங்க மட்டும் ஒரு மணி நேரம் பேசப் போறீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது வேடிக்கைக்காக. ஆனால் இந்தத் தலைப்பின் சிக்கல் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஊமைப்பட நடிகருக்கு உடம்புதான் மொழி. ஓடினார், விழுந்தார், தாவினார், கண்ணால் கெஞ்சினார். அவரைக் கல்லாக்கி நிறுத்தினால் இருந்த ஒரே மொழியையும் பிடுங்கிக்கொள்கிறோம். அப்படியானால் ஊர் அவருக்கு என்னதான் செய்வது?

புதுச்சேரிக்காரர்களிடம் சிலையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. கடற்கரையில் காந்தி நிற்கிறார். துய்ப்ளேக்ஸ் இடம் மாறி நிற்கிறார். கருவடிக்குப்பம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'சிவாஜி சிலை' என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயர்; நடத்துநர் கூவும்போது நடிகர் திலகம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, இறங்க வேண்டிய இடம்தான் நினைவுக்கு வருகிறது. சிலைக்கு நம் ஊர்களில் நேரும் உச்சகட்ட வெற்றி இதுதான் என்று எனக்குத் தோன்றும். சென்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த சிவாஜி சிலைக்கு அந்த நிம்மதியும் வாய்க்கவில்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்து, 2017-ல் அது அடையாற்று மணிமண்டபத்துக்குப் போனது.

பேசும்பட நடிகர்களுக்கு ஒரு வசதியாவது உண்டு. சிலையைப் பார்ப்பவன் காதில் அவர்கள் குரல் கேட்கும். திருச்சியில் பாகவதருக்கு எழுப்பிய மணிமண்டபத்துக்குப் போகிறவர் பாட்டை மனத்தில் கொண்டுதான் போவார். ஊமைப்படக்காரருக்கு அந்தத் துணை இல்லை. குரல் பதிவாகவில்லை, படமும் அழிந்துவிட்டது. முகம்கூடச் சிலருக்கு மிஞ்சவில்லை.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு திரைப்படச் சங்கத்துக்குப் புரொஜெக்டர் ஓட்டியவன். வரலாற்றாசிரியன் இல்லை, படச்சுருளைத் தொட்டுப் பழகியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட் வகை. வெடிமருந்துக்கு உறவு. சூடு பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, பிறகு பழுப்புப் பொடியாக உதிரும். சுருளின் மேல் பூச்சில் வெள்ளி இருந்தது. ஓடி முடித்த படத்தை வைத்திருந்து காப்பதைவிட, கழுவி வெள்ளியை எடுத்துக்கொண்டால் நாலு காசு. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை மிகச் சில. தென்னாட்டில் எடுத்தவற்றில் பார்க்கும்படியாகக் கிடைத்திருப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் எடுத்த படம். அதுவும் எப்படித் தப்பியது தெரியுமா? சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியின்றிப் படமாக்கினார் என்று பதிப்பகம் வழக்குப் போட்டது. படம் திரையிலிருந்து இறங்கி, பெட்டியிலேயே பதிப்பகத்தாரிடம் கிடந்தது. 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெற்றிகரமாக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். கோர்ட்டுக்குப் போனதால் பிழைத்தது. வக்கீல்களை நான் குறை சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி, சொந்த ஊர். தமிழ்க் கலைஞர்களுக்குச் சொந்த ஊரில் சின்னம் என்பது புதிதாக வந்த பழக்கமில்லை. அதைப் பெயருக்கு முன்னாலேயே கட்டிக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'எம்' மாயவரம். என்.எஸ். கிருஷ்ணனின் 'என்' நாகர்கோவில். பி.யு. சின்னப்பாவின் 'பி' புதுக்கோட்டை. டி.பி. ராஜலட்சுமியின் 'டி' திருவையாறு. பிழைப்பு தேடி எந்த ஊர்க் கொட்டகைக்குப் போனாலும் பிறந்த ஊர் ஓர் எழுத்தாகக் கூடவே வந்தது. இதைவிடச் சின்னதான, இதைவிட நீடித்த நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது. இன்றைய நடிகர்கள் இனிஷியலை உதறிவிட்டார்கள். அது அவர்கள் விருப்பம்.

புதுக்கோட்டை என்றதும் சின்னப்பாவை நினைக்கிறோம். அவருக்கு முன்னால் அந்த ஊர் சினிமாவுக்குக் கொடுத்த ஆள் ராஜா சாண்டோ. 1895-ல் பிறந்தவர், இயற்பெயர் நாகலிங்கம். சாண்டோ என்பது ஐரோப்பாவின் பெரிய பலசாலி யூஜின் சாண்டோவின் பெயர். அவர் 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டிப் போனார். அவர் போன பிறகு ஊருக்கு ஊர் சாண்டோக்கள் முளைத்தார்கள். கையில்லாத பனியனுக்குக்கூட நாம் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்லிக் கடையில் கேட்கிறோம். பனியனுக்குள் இப்படி ஒரு நினைவுச்சின்னம் இருப்பது அந்த வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

நம் நாகலிங்கம் உடற்பயிற்சியில் தேறி, 1920-களின் தொடக்கத்தில் பம்பாய் போனார். பாட்டண்கர் என்பவர் எடுத்த படத்தில் நுழைந்து, கோஹினூர் கம்பெனியில் 'வீர் பீம்சேன்' போன்ற படங்களில் பெயர் எடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் பம்பாய்ப் படங்களில் கதாநாயகனாவது இன்றைக்கும் பெரிய பாடு. அன்றைக்கு அது முடிந்தது. காரணம் அது ஊமைப்படம். இந்தியோ குஜராத்தியோ உச்சரிப்பு சரியில்லை என்று யாரும் தடுக்க முடியாது. தோளும் முழங்காலும் எல்லா மொழியும் பேசின. பேச்சு வந்த பிறகுதான் சினிமாவுக்கு மாநில எல்லை வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் கொஞ்சம்தான்.

பிறகு அவர் சென்னைக்கு வந்தார். ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் ஃபிலிம்ஸுக்காக 'பேயும் பெண்ணும்', வை.மு. கோதைநாயகி நாவலை வைத்து 'அநாதைப் பெண்' என்று ஊமைப்படங்களை இயக்கினார். புராணத்தை விட்டு, நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிற கதைக்குச் சினிமாவைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. நடிகர்கள் பெயரைத் திரையில் எழுதிக் காட்டும் வழக்கத்தைத் தமிழில் தொடங்கி வைத்தவராகவும் அவரைச் சொல்வார்கள். இது சின்ன விஷயமா? அதுவரை திரையில் வருவது கிருஷ்ணன், அர்ச்சுனன், அல்லி. அதற்குப் பின்னால் கூலி வாங்குகிற ஓர் ஆள் இருக்கிறார் என்று அச்செழுத்தில் சொன்னது அந்த அட்டைதான். ஊமைப்பட நடிகருக்கு எழுப்பிய முதல் நினைவுச்சின்னம் எது என்று என்னைக் கேட்டால், சில நொடி மின்னி மறைந்த அந்தப் பெயர் அட்டையைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு கிளைக்கதை, நம் புதுச்சேரிக்கு வேண்டியது. 1935-ல் சாண்டோ 'மேனகா' என்ற பேசும்படத்தை இயக்கினார். நடித்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்ததும் அதில்தான். பாரதியார் பாட்டு முதன்முதலில் ஒலித்த படமாகவும் அதையே குறிப்பிடுகிறார்கள். பாரதி பத்தாண்டு, 1908 முதல் 1918 வரை, நம் தெருக்களில் நடந்தவர். டி.கே.எஸ். சகோதரர்களை நாடகத்துக்குள் கொண்டுவந்த ஆசான் யார்? தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எங்கே அடங்கியிருக்கிறார்? இதோ, கருவடிக்குப்பத்தில். இத்தனை பேருக்குப் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்த மனிதர் பக்கவாதத்தில் பேச்சை இழந்து, 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் இறந்தார். குரலுக்கே எழுதிய மனிதர் கடைசியில் ஊமைப்படம் ஆனார் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் அந்த நினைவிடத்தில் நின்றபோதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றியது.

அந்த இடத்தைப் பாருங்கள். ஆண்டுதோறும் நாடகக்காரர்கள் வருகிறார்கள். மாலை போடுவதோடு போய்விடுவதில்லை; பாடுகிறார்கள். ஊர் அவருக்குச் சொந்த ஊர் இல்லை, அவர் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டிக்காரர். ஆனால் பாடுவதால் அது அவருடைய இடமாகிவிட்டது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் என்பதால் முதலில் ஒரு பிரெஞ்சுக்காரர். மாக்ஸ் லாந்தேர், சாப்ளினுக்கும் முன்னால் பட்டுத் தொப்பியோடு உலகத்தைச் சிரிக்க வைத்தவர். போர்தோ பக்கத்தில் சேன் லூபேஸ் என்ற ஊரில் 1883-ல் பிறந்தார். அந்த ஊர் தன் பள்ளிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது. நாள்தோறும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் மேல் அந்தப் பெயரை எழுத வேண்டும். கொடுமையான முடிவு அவருக்கு, நாற்பத்தொன்றாம் வயதில். பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் அல்வர்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். லாரல்-ஹார்டி இணையில் ஒல்லியானவர், ஸ்டான் லாரல், 1890-ல் அங்கே பிறந்தார். 2009-ல் ஊர்க்காரர்கள் இருவருக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள். உயரமான பீடம் கிடையாது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி, காலடியில் நாயோடு, நடைபாதை மட்டத்திலேயே நிற்கிறார்கள். போகிற வருகிறவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிஷப் ஆக்லாந்து என்ற இன்னோர் ஊர், லாரலின் பெற்றோர் நடத்திய நாடகக் கொட்டகை இருந்த மனையிலேயே அவருக்குச் சிலை வைத்தது. மனை தேர்ந்த விதம் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் நாற்சந்தியைத் தேடுவோம். அவர்கள் கொட்டகையைத் தேடினார்கள்.

இந்தியாவிலும் சாப்ளினை வைத்து இரண்டு கதைகள் உண்டு. 2009-ல் கர்நாடகத்தில் உடுப்பி மாவட்டம், பைந்தூர் கடற்கரையோரம், ஒரு திரைப்பட இயக்குநர் அறுபத்தேழு அடியில் சாப்ளின் சிலை எழுப்பப் போனார். சாப்ளின் கிறிஸ்தவர், பக்கத்தில் கோயில் இருக்கிறது என்று சொல்லி ஒரு கூட்டம் தடுத்துவிட்டது. ஊமைப்படங்களில் எந்த மதத்தைப் பற்றியும் வாய் திறக்காத மனிதர்! இன்னொன்று குஜராத்தில், கட்ச் பகுதியில், ஆதிப்பூர். தேசப் பிரிவினையில் வந்த சிந்தி அகதிகளின் ஊர். 1973-லிருந்து ஏப்ரல் 16-ஆம் தேதி அங்கே சாப்ளின் பிறந்தநாள் ஊர்வலம். குழந்தை, கிழவர், பெண்கள் என்று எல்லாரும் கறுப்புக் கோட்டும் தொப்பியும் கைத்தடியும் ஒட்டு மீசையுமாகத் தெருவில் சாப்ளின் நடை நடக்கிறார்கள். ஒட்டகவண்டியும் உண்டாம். சாப்ளின் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் உடம்பால் பேசிய கலைஞனுக்கு உடம்பாலேயே வைத்த சின்னம் அது. கல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதுவரை சொன்னவர்களில் யாரையும் சொந்த ஊர் துரத்தவில்லை. ஊர் துரத்திய நட்சத்திரத்துக்கு ஊர் என்ன சின்னம் வைக்கும்? உண்மையில் நான் பேச வந்தது இதைத்தான். இவ்வளவு நேரம் சுற்றியதற்கு மன்னியுங்கள். ஆட்டக்காரர் மேடைக்கு வருமுன் கொட்டு அடிப்பதில்லையா, அப்படி.

பி.கே. ரோஸி. திருவனந்தபுரத்து நந்தன்கோட்டில், புலையர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ராஜம்மா. காக்காரிசி நாடகம் ஆடியவர்; தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நாட்டார் நாடகம் அது. ஜே.சி. டேனியல் என்ற அகஸ்தீஸ்வரத்துக்காரர், நம் குமரி மண்ணின் தமிழர், சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து வரவழைத்த பெண் வசதி போதவில்லை என்று திரும்பிவிட்டார். அப்போது வந்தவர்தான் இந்த ராஜம்மா. டேனியல் ரோஸி என்று பெயர் வைத்தார். கொடுத்த வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். காலையில் மதியச் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வேலைக்கு வருவது போல வருவார், நடித்துவிட்டுப் போவார் என்று பின்னாளில் டேனியல் நினைவுகூர்ந்ததாகச் சொல்வார்கள். கதாநாயகி என்ற மிடுக்கு அவருக்குத் தெரியாது. நாற்று நடப் போவதும் நடிக்கப் போவதும் அவருக்கு ஒரே கூலி வேலை.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வந்தது. புலையர் வீட்டுப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கொதித்தார்கள். அவரைத் தொடக்கக் காட்சிக்கு உள்ளே விடவில்லை. நாயகன் அவர் தலையில் இருந்த பூவை எடுத்து முத்தமிடும் கட்டத்தில் திரை மேல் கல் விழுந்தது. அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்தார். அந்த லாரியை ஓட்டியவரை மணந்துகொண்டார். ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டில் குடும்பம் நடத்தி, 1988-ல் மறைந்தார். தான் நடித்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஊமைப்படத்தில் நடித்ததற்காக வாழ்நாள் முழுதும் ஊமையாக இருக்க வேண்டி வந்த ஒரே நட்சத்திரம் அவராகத்தான் இருப்பார்.

படம் இல்லை. ஒரு சட்டகம் இல்லை. அவருடையது என்று சுற்றுகிற புகைப்படம் அவருடையதுதானா என்பதிலும் ஐயம் உண்டு. 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பில் ரோஸியை வரைந்தது. வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்திருப்பார்? நம் அரியாங்குப்பத்து அரிக்கமேட்டில் 1930-களில் ஒரு சின்னக் கல் கிடைத்தது. அதில் செதுக்கிய தலை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோம ராஜாவின் முகம் நம் ஆற்றங்கரை மண்ணில் பத்திரமாக இருந்திருக்கிறது. நம்மில் பலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் உயிரோடு இருந்த ஒரு நடிகையின் முகம் நமக்குத் தெரியாது.

டேனியலும் பெரிதாகத் தப்பவில்லை. கடனில் எல்லாம் போய், பல் மருத்துவம் படித்துத் தமிழ்நாட்டில் தொழில் செய்தார். புதுக்கோட்டையில் இருந்தபோதுதான் சின்னப்பாவின் பழக்கத்தில் மறுபடி சினிமா ஆசை கிளம்பி, சேர்த்ததையும் தொலைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மறுபடி புதுக்கோட்டை! 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு இன்று தன் உயரிய திரை விருதை வழங்குகிறது. தமிழ்நாட்டிலும் ராஜா சாண்டோ பெயரில் விருது உண்டு. விருது வாங்கியவர் யாரென்று மறுநாள் பத்திரிகையில் பார்க்கிறோம். விருதுக்குப் பெயர் கொடுத்தவர் யாரென்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானே சாண்டோ என்பது படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சரி, ரோஸிக்கு என்ன செய்யலாம்? முகம் தெரியாமல் சிலை செய்தால் சிற்பி தன் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் செதுக்குவார். அதிலும் கொஞ்சம் அழகாக்கி, கொஞ்சம் நிறம் கூட்டி. அப்படிச் செய்தால் அன்றைக்குக் கல்லெறிந்தவர்கள் ஒத்துக்கொள்கிற முகத்தை இன்றைக்கு நாமே கொடுத்ததாகும்.

இதற்கு வழி வெளியூரில் இல்லை, நம் ஊர் நடுவில் இருக்கிறது. தினம் பார்க்கிறோம். பாரதி பூங்காவில் வெள்ளையாக நிற்கிறதே, ஆயி மண்டபம். நம் அரசு முத்திரையிலும் அதுதான். வெளியூர்க்காரர் பிரெஞ்சுக்காரன் கட்டின அலங்காரம் என்று படம் எடுத்துப் போவார். நமக்குக் கதை தெரியும். விசயநகரக் காலத்தில் ஆயி என்றொரு தாசி. அவள் மாளிகையில் விளக்குகள் எரிவதைப் பார்த்த பெரிய இடத்து மனிதர் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டார். ராயர் என்பாரும் உண்டு, அமைச்சர் என்பாரும் உண்டு. தாசி வீடு என்று தெரிந்ததும் கும்பிட்ட கைக்கு ஆத்திரம் வந்தது. இடிக்கச் சொன்னார். ஆயி, நானே இடிக்கிறேன், அந்த இடத்தில் குளம் வெட்ட அனுமதி கொடுங்கள் என்று கேட்டாள். வீடு குளமானது. பல தலைமுறை கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பட்டணத்துக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, லமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரப்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீருக்கு நன்றியாக மண்டபம் எழுந்தது. பெயர், தாசியின் பெயர்.

ஆயியின் முகம் எவருக்கும் தெரியாது. மண்டபத்துக்கு அவள் முகம் தேவைப்படவும் இல்லை. தண்ணீர் வந்தது, பெயர் நின்றது. கும்பிட்ட இடம் தாசி வீடு என்றதும் கோபம் வந்ததே, அந்தக் கோபமும் திரையில் பார்த்து ரசித்த பெண் புலையர் வீட்டுப் பெண் என்றதும் வந்த கோபமும் ஒன்றுதான். ஒன்றில் வீடு இடிந்தது, ஒன்றில் வீடு எரிந்தது. இடிந்த வீட்டுக்குப் புதுச்சேரி ஒரு வழி கண்டது. கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்று பிரித்துப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், மண்டபம் நிஜம்.

ஆகவே என் கட்சி இது. ஊமைப்பட நட்சத்திரத்துக்கு ஊர் சின்னம் வைக்க நினைத்தால் முகத்தைத் தேட வேண்டாம், தண்ணீரைத் தேடட்டும். அதாவது, அவர் விட்டுப்போனதில் இன்னும் ஓடுகிறது எது என்று பார்க்கட்டும். சாண்டோவுக்குப் புதுக்கோட்டையில் ஒரு நல்ல உடற்பயிற்சிக் கூடம் சிலையைவிடப் பொருந்தும். ஏழை வீட்டுப் பையன் காசு கொடுக்காமல் தண்டால் எடுக்கட்டும். திருவையாற்று ராஜலட்சுமிக்கு? ஊமைப்படத்தில் தொடங்கி, 1931-ல் 'காளிதாஸ்' படத்தில் தமிழ்த் திரையில் முதலில் பேசிய கதாநாயகி. 1936-ல் 'மிஸ் கமலா'வைத் தானே எழுதி இயக்கியவர். அவர் ஊரில் பெண் பிள்ளைகள் கேமரா பிடிக்கக் கற்க ஓர் அறை போதும். பெண்களுக்கு இடம் அமைப்பது அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. தியாகராஜருக்கு அங்கே சமாதிக் கோயில் எழுப்பியவரே பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற தாசிதான். பெண்கள் பாட இடமில்லை என்ற இடத்தில் தன் நகையையும் பணத்தையும் போட்டுக் கட்டினார்.

ரோஸிக்கு எது பொருந்தும் என்பதை நான் சொல்லக் கூடாது. அவருடைய ஆட்கள் சொல்ல வேண்டும். சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். கேரளத்துத் திரைப் பெண்கள் அவர் பெயரில் திரைப்படக் கழகம் வைத்திருக்கிறார்கள். சென்னையில் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு அவர் பெயரில் தலித் வாழ்வு குறித்த படங்களுக்கு விழா நடத்துகிறது. அன்று எந்த இருட்டு அறைக்குள் அவரை விடவில்லையோ, அந்த இருட்டு அறையின் வாசலில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. இதற்கு மேல் வெண்கலம் எதற்கு?

நோணாங்குப்பத்துக்கு என்று ஓர் ஊமைப்பட நட்சத்திரம் இல்லை என்று அமைப்பாளர் என்னிடம் வருத்தப்பட்டார். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஊமைப்படம் நட்சத்திரத்தோடு முடிவதில்லை, அதை ஊருக்குக் காட்டியவர்களும் உண்டு. 1905-ல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்டுக்குப் படக்கருவியை விற்றவர் துய்போன் என்ற பிரெஞ்சுக்காரர். அங்கிருந்துதான் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சினிமாக் கூடாரம் முளைத்தது. படம் ஓடும்போது ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று எழுத்து அட்டைகளை உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத சனத்துக்காக. சண்டை வந்தால் குரலை ஏற்றுவார், அழுகை வந்தால் மூக்கை உறிஞ்சுவார். என் பாட்டி ஊமைப்படத்தை ஊமைப்படம் என்று சொல்ல மாட்டார், 'ஆள் சொல்ற படம்' என்பார். அந்த ஆட்களுக்கும் ஒருவரும் சிலை வைக்கவில்லை.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன், அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவு வேண்டாம். சுண்ணாம்பாற்றங்கரையில், போட் ஹவுஸ் பக்கம் எங்காவது திறந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திரை கட்டி, புனேக்கு முறையாக எழுதிக் கேட்டு, 'மார்த்தாண்ட வர்மா'வை ஓட்டுவோம். படகோட்டிகள் வேலை முடிந்து வருகிற நேரமாக இருக்கட்டும். ஆர்மோனியத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார், கருவடிக்குப்பத்தில் ஆண்டுதோறும் வாசிக்கிறவர். புரொஜெக்டர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுத்து அட்டை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கும். அதைக் கண்ணால் வாங்கி, நம் பேச்சுத் தமிழில் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். குரல் பெரிதாக இருந்தால் போதும், ஆணோ பெண்ணோ யாராக இருந்தாலும் சரி. கூட்டம் முடிந்ததும் தேநீர் கொடுக்கிற மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது, பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.